மலிவு விலை இடக்கை எலெக்ட்ரிக் கிட்டார்: வாங்கியது முதல் மேடை ஏறியது வரை ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

2022 ஜூன் மாதம் ஒரு தச்சரும் அவர் மகனும் சென்னையில் நான் கிட்டார் வகுப்பு நடத்தும் அறைக்கு வந்தார்கள். பையனுக்கு 18 வயது, பாலிடெக்னிக் மாணவன். சொந்தக்காரர் வீட்டில் சும்மா கிடந்த ஒரு அக்கூஸ்டிக் கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பி, தந்திகளை மாற்றிக் கட்டி, ஒரு வருடமாகத் தானாகவே பழகியிருந்தான். இப்போது எலெக்ட்ரிக் வேண்டும். கையில் 12,000 ரூபாய் இருக்கிறது, பிறகு மெல்ல மெல்ல இன்னும் ஐயாயிரம் வரை போடலாம் என்றார் அப்பா.

"சோத்தாங்கையால வாசிக்கச் சொல்லிப் பாத்துட்டேன் மாஸ்டர். எழுதுறது, சாப்பிடுறதெல்லாம் மாத்தியாச்சு. இது மட்டும் மாற மாட்டேங்குது."

புதிதாகத் தொடங்கும் இடக்கைக்காரர்களிடம் நானும் வழக்கமாக வலக்கைக் கிட்டாரில் பழகிப் பார்க்கத்தான் சொல்வேன். இரண்டு கைக்கும் சம வேலை இருக்கிற வாத்தியம் இது. வலக்கையாகப் பழகிவிட்டால் எந்தக் கடையிலும், எந்த நண்பன் வீட்டிலும் இருக்கிற கிட்டாரை எடுத்து வாசிக்கலாம். ஆனால் இவன் தொடங்கி ஒரு வருடம் ஓடிவிட்டது. இடக்கையில் ஸ்டிரம் தாளம் பிசகாமல் விழுந்தது, வலக்கை விரல்கள் பார் கார்டு (ஒரே விரலால் தந்திகளைக் குறுக்கே அழுத்துவது) வரை வந்துவிட்டன. அதைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை.

அவன் கொண்டுவந்த அக்கூஸ்டிக்கைக் கொஞ்ச நேரம் வாசித்துக் காட்டச் சொன்னேன். விரல் வைக்காத திறந்த தந்திகள் சுருதியில் நின்றன. கிட்டாரின் கழுத்தான நெக்கில் குறுக்கே பதித்த ஃபிரெட் கம்பிகளில் ஐந்தாவதைத் தாண்டியதும் தடித்த தந்தி சுருதி ஏறிப் பேசியது. அக்கூஸ்டிக்கில் உடல்பக்கம் தந்திகளைத் தாங்கும் சேடிலைச் சற்றுச் சாய்வாகப் பதித்திருப்பார்கள், தடித்த தந்திக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம் வேண்டும் என்பதற்காக. தந்திகளை மாற்றிக் கட்டினால் அந்தக் கூடுதல் நீளம் மெல்லிய தந்திக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. தலைப்பக்கம் தந்திகளைப் பள்ளங்களில் தாங்கும் நட்டிலும் அதே கதைதான். மெல்லிய தந்திக்கு வெட்டிய பள்ளத்தில் தடித்தது உள்ளே இறங்காமல் மேலேயே உட்கார்ந்திருந்தது.

மிருதங்கமாக இருந்தால் திருப்பிப் போட்டுக்கொண்டு வாசிக்கலாம். பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கையால் வாசித்த மிருதங்க வித்வான். அவருக்கு வந்த சங்கடம் மேடையில் யார் எந்தப் பக்கம் உட்காருவது என்பதில். கிட்டாரில் சங்கடம் வாத்தியத்துக்குள்ளேயே இருக்கிறது.

## முன்னால் இருந்த மூன்று வழிகள்

முதல் வழி, பழைய வலக்கை எலெக்ட்ரிக் ஒன்றை வாங்கித் திருப்பிக் கட்டுவது. அமெரிக்க ராக் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், ஃபெண்டர் நிறுவனத்தின் வலக்கை ஸ்ட்ராட்டோகாஸ்டரைத்தான் திருப்பி, தந்திகளை மாற்றிக் கட்டி வாசித்தார். எலெக்ட்ரிக்கில் பெரும்பாலும் ஒவ்வொரு தந்திக்கும் தனிச் சேடில் உண்டு, அதனால் அக்கூஸ்டிக்கில் வந்த சுருதிச் சிக்கலைத் திருகாணியாலேயே தீர்த்துவிடலாம். நட்டை மட்டும் மாற்ற வேண்டும். தெரிந்தவர் ஒருவரிடம் 6,000 ரூபாய்க்கு அப்படி ஒரு கிட்டார் இருந்தது. அரை மணி நேரம் பையன் மடியில் வைத்துப் பார்த்தோம். திருப்பிப் பிடித்தால் வால்யூம் குமிழ் மேலே வந்து, ஸ்டிரம் செய்யும் கையின் முழங்கைக்கு அடியில் மாட்டிக்கொண்டது. பத்து முறை அடித்தால் இரண்டு முறை ஒலி தானாகக் குறைந்தது. 15-ஆம் ஃபிரெட்டுக்கு மேலே கை போகவும் வழியில்லை, உடலில் வெட்டு எதிர்ப்பக்கம் ஆழமாக இருந்தது. வேண்டாம் என்று விட்டோம்.

இரண்டாவது, இடக்கைக்கென்றே செய்த, ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வடிவச் சீனத் தயாரிப்பு. இணையத்தில் 9,800 ரூபாய். மூன்றாவது, ஒரு பக்கம் மட்டும் வெட்டுள்ள, தந்தி அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பில் இரைச்சலை அடக்கும் ஹம்பக்கர் வகை இரண்டு வைத்த இடக்கை மாடல். அது 14,500. அண்ணா சாலைக் கடைகளிலும் கேட்டோம். இடக்கை மாடல் கையிருப்பில் இல்லை, முன்பணம் கட்டினால் வரவழைக்கலாம் என்றார்கள். வாங்குவதற்கு முன் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு இடக்கைக்காரருக்கு அநேகமாக இல்லை.

மூன்றாவது மாடலைப் பற்றி அன்றே எனக்கு ஒன்று தெரியும். அதன் தலைப்பகுதியில் தந்தியை முறுக்கும் கீகள் பக்கத்துக்கு மூன்றாக இருக்கும். பிரிட்ஜ் (உடலில் சேடில்களைத் தாங்கும் பகுதி), பிக்கப், கீ மூன்றுமே இடம் வலம் பார்க்காத சாமான்கள். பின்னால் எதை மாற்ற நினைத்தாலும் சாதாரணக் கடையில் கிடைப்பது பொருந்தும். ஸ்ட்ராட் வடிவத்தில் அப்படியில்லை. ஆறு கீகளும் ஒரே வரிசை, பிரிட்ஜை அசைத்துச் சுருதியை ஆட்டும் ட்ரெமலோ கைப்பிடியின் துளை ஒரு பக்கம், பிளாஸ்டிக் முகத்தகடு கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியது. இதை அப்பாவிடம் சொன்னேன், ஆனால் அழுத்திச் சொல்லவில்லை. பையனுக்கு அந்த வடிவம்தான் பிடித்திருந்தது. 4,700 ரூபாய் வித்தியாசம் வேறு. ஸ்ட்ராட் வடிவத்துக்கே பணம் கட்டினார்கள்.

## பெட்டி பிரித்த அன்று

ஜூலை 9-ஆம் தேதி கிட்டார் வந்தது. ஏழு நாளுக்குள் திருப்பி அனுப்பலாம் என்று விதி. பெட்டியை என் அறையிலேயே பிரித்தோம்.

எதைப் பார்த்தாலும் முதலில் அதைத் திருத்த முடியுமா முடியாதா என்று கேட்டுக்கொள்வது என் பழக்கம். திருத்த முடியாதவை மூன்று: நெக் முறுக்கிக்கொண்டிருப்பது, நெக்குக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ராட் வேலை செய்யாதது, நெக்கும் பிரிட்ஜும் ஒரே நேர்கோட்டில் இல்லாதது. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அன்றே திருப்பி அனுப்பியிருப்போம்.

நெக்கை அடியிலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தவர் அப்பாதான். கதவுச் சட்டத்தைப் பார்க்கிற அதே பார்வை. "வளைவு இருக்கு, முறுக்கு இல்ல" என்றார். டிரஸ் ராடைக் கால் சுற்று இறுக்கினேன், வளைவு குறைந்தது, ஆக ராட் உயிரோடு இருக்கிறது. முதல் தந்தியும் ஆறாம் தந்தியும் நெக்கின் ஓரத்திலிருந்து ஏறக்குறைய ஒரே இடைவெளியில் ஓடின. வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம்.

மற்றக் குறைகள் ஏராளம். ஃபிரெட் முனைகள் கூர்மையாக நீட்டிக்கொண்டிருந்தன, கையை ஓட்டினால் ரம்பத்தில் இழுத்ததுபோல் இருந்தது. தந்தியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் அழுத்திக்கொண்டு ஏழாம் ஃபிரெட்டில் அதன் அடி இடைவெளி பார்த்தேன்: 0.6 மி.மீ. இதற்கு நான் பயன்படுத்துவது பைக் மெக்கானிக் டாப்பெட் அடிக்க வைத்திருக்கிற ஃபீலர் கேஜ்தான். 12-ஆம் ஃபிரெட்டில் ஆறாம் தந்தியின் உயரம் 3.2 மி.மீ., முதல் தந்தி 2.6. ஆறாம் தந்தியை முதல் ஃபிரெட்டில் அழுத்தினால் டியூனரில் முள் 25 சென்ட் மேலே நின்றது. நூறு சென்ட் என்பது ஒரு அரைச் சுரம், கால் பங்கு தள்ளி நின்றால் எந்தக் காதுக்கும் தெரியும்.

அந்த 25 சென்ட்டுக்குக் காரணம் நட்டில் இருந்தது. உடல், நெக், தலை, முகத்தகடு எல்லாவற்றையும் இடக்கைக்குத் திருப்பிச் செய்த தொழிற்சாலை, நட்டை மட்டும் வலக்கைக்கு வெட்டியதையே ஒட்டி அனுப்பியிருந்தது. தடித்த ஆறாம் தந்தி, மெல்லிய முதல் தந்திக்கான கீறல் மேல் சவாரி செய்துகொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் மெல்லிய தந்தி அகலமான பள்ளத்தில் ஆடியது. பழைய அக்கூஸ்டிக்கில் பட்ட அதே பாட்டைப் புது கிட்டாரிலும் பணம் கொடுத்து வாங்கியிருந்தோம்.

எதிர்பாராத நல்ல செய்தி ஒன்று: கீகள் நன்றாக இருந்தன. சுற்றினால் இடைவெளி இல்லாமல் பிடித்தது. இந்த விலையில் கீகள்தான் முதலில் கெடும் என்று நினைத்திருந்தேன்.

## முதல் கட்டம்: நட், ஃபிரெட், உயரம்

பையனுக்கு அன்றே பிக்கப் மாற்ற ஆசை. நான்காயிரம் ரூபாய்க்கு ஒரு செட் பார்த்து வைத்திருந்தான். நான் மறுத்தேன். சுருதி நிற்காத கிட்டாரில் பிக்கப்பை மாற்றினால் அபஸ்வரம் இன்னும் துல்லியமாகக் கேட்கும், அவ்வளவுதான். முதலில் கைவேலை, பிறகு வயரிங், கடைசியில் சாமான் என்று வரிசை வைத்தோம்.

ஆகஸ்ட் மாதம் நான்கு ஞாயிற்றுக்கிழமை இதற்குப் போனது. முதல் ஞாயிறு நெக்கைப் பிடித்திருக்கும் நான்கு திருகாணிகளைத் தந்தி தளர்த்திய நிலையில் இறுக்கி, டிரஸ் ராடைச் சரி செய்து, இடைவெளியை 0.25-க்குக் கொண்டுவந்தேன்.

அடுத்தது ஃபிரெட். பிக்கப்புகளை மாஸ்கிங் டேப்பால் முழுதாக மூடினோம். பிக்கப் என்றால் காந்தம், ஸ்டீல் உல் தூள் ஒட்டினால் பிறகு எடுக்கவே முடியாது. ஃபிரெட் உச்சிகளில் மார்க்கர் பேனாவால் கறுப்பு தீட்டி, அப்பா கொண்டுவந்த நேர்மட்டமான இரும்புப் பட்டையில் 400 நம்பர் உப்புத்தாளை ஒட்டி நீளவாக்கில் இழுத்தேன். முதல் இழுப்பிலேயே 13-ஆம், 16-ஆம் ஃபிரெட்டுகளில் கறுப்பு அழிந்தது, மற்றவற்றில் அப்படியே இருந்தது. அந்த இரண்டும் உயர்ந்திருக்கின்றன என்று பையன் அவனாகவே கண்டுபிடித்துச் சொன்னான். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி கறுப்பு போகும் வரை இழுத்து, உச்சிகளை மறுபடி உருண்டையாக்கி, 600, 1000 என்று ஏறி, ஸ்டீல் உல்லில் மெருகேற்றினோம். முனைகளை அப்பா சின்ன அரத்தால் மழுக்கினார். அந்த வேலையில் என்னைவிட அவர் கை பதமானது.

நட்டுக்கு எலும்புத் துண்டு ஒன்று 250 ரூபாய்க்கு வாங்கினோம். பள்ளம் வெட்டுவதற்கென்றே விற்கும் அரங்கள் விலை அதிகம். வெல்டிங் சாமான் கடையில் கிடைக்கும் நாசில் கிளீனர் செட் போதும், ஒவ்வொரு கம்பியும் ஒவ்வொரு தடிமன். தந்தியைவிடத் துளி தடித்த கம்பியை எடுத்து, தலைப்பக்கம் சற்றுச் சாய்வாக அறுக்க வேண்டும். மூன்றாம் ஃபிரெட்டுக்கு முன்னால் தந்தியை அழுத்தினால் முதல் ஃபிரெட்டின் மேல் மயிரிழை இடைவெளி தெரிய வேண்டும். அந்த மயிரிழை போய்விட்டால் திறந்த தந்தி ஃபிரெட்டில் உரசிப் பொரியும்.

இரண்டாம் தந்தியில் எனக்கு அந்த மயிரிழை போய்விட்டது. பேசிக்கொண்டே அறுத்ததன் பலன். உப்புத்தாளில் தேய்த்த எலும்புத் தூளைப் பள்ளத்தில் நிரப்பி, ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டு, அரை மணி கழித்து மறுபடி அறுத்தேன். இன்றுவரை நிற்கிறது. ஆனால் அந்தத் தந்தியின் ஒலி மற்றதைவிடத் துளி மந்தம் என்று எனக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

கடைசி ஞாயிறு உயரமும் சுருதியும். ஆறாம் தந்தி 2.0 மி.மீ., முதல் தந்தி 1.6. ஒவ்வொரு தந்தியிலும் 12-ஆம் ஃபிரெட்டின் மேல் மெல்லத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கையும் அழுத்திய சுரத்தையும் ஒப்பிட்டுச் சேடிலை முன்னும் பின்னும் நகர்த்தினோம். முதல் ஃபிரெட்டில் 25 சென்ட் ஏறி நின்றது இப்போது 4-க்குள் வந்தது. இதுவரை மாற்றிய சாமான் ஓர் எலும்புத் துண்டும் ஒரு செட் தந்தியும்தான்.

## இரண்டாம் கட்டம்: வால்யூம் குமிழின் விநோதம்

செப்டம்பரில் பையன் ஒரு புகாரோடு வந்தான். "மாஸ்டர், வால்யூம் சுவிட்ச் மாதிரி இருக்கு. கொறைக்கவே முடியல, திடீர்னு செத்துப்போகுது."

வாசித்துப் பார்த்தேன். குமிழைப் பாதி வரை திருகினாலும் ஒலி குறையவில்லை. முக்கால் தாண்டியும் பெரிய மாற்றமில்லை. கடைசி நூலிழையில் ஒரேயடியாக அணைந்தது. குமிழில் எழுதியிருந்த எண்களும் தலைகீழ். முழு ஒலியில் 1 என்றும், அடங்கியபோது 10 என்றும் காட்டியது.

முகத்தகட்டைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தேன். வால்யூம் பாட் (குமிழுக்கு அடியில் இருக்கும், திருகினால் மாறும் மின்தடை) மொத்தம் 236 கிலோ-ஓம். நடுவில் நிறுத்தினால் ஒரு முனையிலிருந்து 33, மறு முனையிலிருந்து 203. அப்படியென்றால் இது ஒலிக்கென்று செய்யும் லாகரிதமிக் வகை. காதுக்கு ஒலி சீராக ஏறுவதாகத் தெரிய வேண்டுமென்றால் தொடக்கத்தில் மெல்லவும் கடைசியில் வேகமாகவும் ஏற வேண்டும். அதற்காகத்தான் பாதித் திருகலில் ஏழில் ஒரு பங்கு மட்டும் வைத்திருக்கிறார்கள். வலக்கைக் கிட்டாரில் கடிகார முள் திசையில் ஒலி ஏறும். இடக்கையில் எதிர்த்திசையில் ஏற வேண்டும் என்று தொழிற்சாலையில் இரண்டு ஓரக் கம்பிகளை மட்டும் இடம் மாற்றிப் பற்றவைத்துவிட்டார்கள். திசை சரியானது, வளைவு தலைகீழானது. ஏழில் ஒரு பங்கு இருக்க வேண்டிய இடத்தில் ஏழில் ஆறு பங்கு நின்றது. பாதிக்குக் குறைத்தும் காதுக்குத் தெரியாததன் காரணம் இதுதான்.

இதற்கு முறையான மருந்து எதிர்-லாகரிதமிக் பாட், ‘சி’ வகை என்பார்கள். எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒரு மத்தியானம் முழுக்க அலைந்தோம். கேட்ட கடைகளில் ‘ஏ’ (இருந்த அதே லாகரிதமிக்), ‘பி’ இரண்டும் இருந்தன, ‘சி’ இல்லை. இரண்டு மாற்று வழிகள் தெரிந்தன. ஒன்று, கம்பிகளை வலக்கை முறைக்கே திருப்பிப் பற்றவைப்பது. வளைவு சரியாகும், திசை எதிர்மாறாகும். இன்னொன்று, ‘பி’ வகை. அது சீரான நேர்கோடு, எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி. ஒலி கொஞ்சம் அவசரமாக ஏறும், ஆனால் திசை பழகிய திசை. பையன் வாசிக்கும்போதே சுண்டு விரலால் வால்யூமை உருட்டிப் பழகியிருந்தான், அதனால் திசையைக் காப்பாற்றுவது முக்கியம் என்று ‘பி’ எடுத்தோம். 250 கிலோ-ஓம் கிடைக்கவில்லை, 220 வாங்கினோம். என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை. எண் எழுதாத குமிழ்கள் மாட்டினோம். பாட், வயர், குமிழ் எல்லாம் சேர்த்து 180 ரூபாய். முன்பே பார்த்த நாலாயிரம் ரூபாய் பிக்கப்பை அன்று மாட்டியிருந்தால் இந்தக் கோளாறு அப்படியே இருந்திருக்கும்.

திறந்த கையோடு உள்குழிவு முழுக்கத் தாமிர டேப் ஒட்டினோம். இரைச்சல் குறைந்தது, போகவில்லை. ஒரே சுருள் உள்ள சிங்கிள் காயில் பிக்கப்பின் இயல்பு அது, சுவர் வயரிலிருந்து 50 ஹெர்ட்ஸ் முனகலை வாங்கிப் பாடும். ஸ்ட்ராட் வகையில் இரண்டு பிக்கப் சேர்ந்து ஒலிக்கும் இரண்டாம், நான்காம் சுவிட்ச் நிலைகளில் அந்த முனகல் அடங்குவதற்காக நடுப் பிக்கப்பின் சுற்றையும் காந்தத்தையும் எதிர்மாறாக வைப்பது வழக்கம். இதில் அடங்கவில்லை. திசைகாட்டியைக் காட்டிப் பார்த்தேன், மூன்று பிக்கப்புக்கும் முள் ஒரே பக்கம்தான் திரும்பியது.

என் அறையில் இருந்ததைவிடப் பையன் வீட்டில் இரைச்சல் இரண்டு மடங்கு. நேரில் போய்ப் பார்த்தேன். ஆம்ப் மாட்டியிருந்த மூன்று பின் சாக்கெட்டில் எர்த் கம்பி இணைப்பே இல்லை. கையில் தந்தி, காலுக்குக் கீழே சிமெண்ட் தரை. இரைச்சலைவிட எனக்கு அதுதான் பயமாக இருந்தது. எலெக்ட்ரீஷியனை வைத்து எர்த் இழுக்கும் வரை ஆம்பை மாட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு வாரத்தில் செய்துவிட்டார்கள். இரைச்சலும் பெருமளவு இறங்கியது.

## பிரிட்ஜில் நான் செய்த தவறு

அக்டோபரில் இரண்டாவது புகார்: ட்ரெமலோ கைப்பிடியை அமுக்கினால் தந்திகள் பழைய சுருதிக்குத் திரும்பவில்லை. பிரிட்ஜின் அடிக்கட்டை மெல்லிய துத்தநாக வார்ப்பு. கனமான எஃகுக் கட்டையோடு முழு பிரிட்ஜையே மாற்றலாம் என்று சொன்னது நான். இணையத்தில் 2,400 ரூபாய்க்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததும் நான். இடக்கைக்கு என்று தேடியதில் கிடைக்கவில்லை. வலக்கை பிரிட்ஜை வாங்கிக் கைப்பிடித் துளையை மட்டும் எதிர்ப்பக்கம் போட்டுக்கொள்ளலாம், அப்பாவிடம் ட்ரில் இருக்கிறதே என்று நினைத்துவிட்டேன்.

வந்த பிரிட்ஜை மேலே வைத்துப் பார்த்தோம். கிட்டாரின் ஆறு திருகாணிகளில் முதலுக்கும் கடைசிக்கும் இடையே 52.5 மி.மீ. வாங்கியது பழைய ஃபெண்டர் அளவு, 56 மி.மீ.க்கும் கொஞ்சம் மேல். எந்தத் துளையும் எந்தத் துளையோடும் சேரவில்லை. மேல்தகட்டிலும் கைப்பிடிக்கு ஒரு துளை இருக்கிறது, கட்டையை மட்டும் துளைத்தால் போதாது என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. உறையைக் கிழித்துவிட்டதால் திருப்பியும் எடுக்கவில்லை.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஸ்கேலை எடுத்து அளந்தார், எழுதிக்கொண்டார். தச்சுப் பட்டறையில் அளக்காமல் மரத்தைத் தொட மாட்டார்கள். எனக்குத்தான் முகம் சுருங்கியது.

பையனிடம் கேட்டேன், கைப்பிடியை எவ்வளவு பயன்படுத்துகிறாய் என்று. மாதத்தில் இரண்டு முறை, சும்மா ஆட்டிப் பார்க்க. அப்படியானால் பிரிட்ஜ் அசையவே வேண்டாம் என்று முடிவு செய்தோம். முதுகுப்பக்கக் குழிவில், அடிக்கட்டைக்கும் மரத்துக்கும் இடையே இருக்கிற இடைவெளியை அளந்து, கதவு செய்து மிஞ்சிய தேக்குத் துண்டு ஒன்றை அப்பா இழைத்துக் கொடுத்தார். பசை இல்லை, ஆணி இல்லை. விரலால் தள்ளினால் இறுக்கமாக உள்ளே போகும், ஸ்குரூடிரைவரால் நெம்பினால் வெளியே வரும். மூன்று ஸ்பிரிங் ஐந்தாயிற்று. தந்தியை வளைத்து இழுத்து வாசித்தாலும் மற்றத் தந்திகள் அசையவில்லை. செலவு ஸ்பிரிங்குக்கு மட்டும் 80 ரூபாய்.

## மழைக்காலமும் பிக்கப்பும்

நவம்பர் கடைசியில், மழை விட்டுவிட்டுப் பெய்த நாட்களில், 0.25-ல் வைத்த நெக் இடைவெளி 0.4 ஆகியிருந்தது. டிரஸ் ராடை அரைக்கால் சுற்று இறுக்கியதும் திரும்பியது. "மரம்னா அப்படித்தான் மாஸ்டர், மார்கழிக் கதவும் சித்திரைக் கதவும் ஒண்ணா?" என்றார் அப்பா. சாவியைப் பையனிடமே கொடுத்து, கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் திருப்பக்கூடாது என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

ஜனவரியில்தான் பிக்கப். அதுவரை மூன்று மாதம் இருப்பதை வைத்து வாசித்ததால் என்ன குறை என்று பையனுக்கே தெளிவாகியிருந்தது. நெக் பக்கப் பிக்கப்பின் ஒலி அவனுக்குப் பிடித்திருந்தது. பிரிட்ஜ் பக்கம் மட்டும், ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் போட்டால் இரைந்தது. ஆகவே அந்த ஒன்றை மட்டும் மாற்றினோம். சிங்கிள் காயில் அளவிலேயே இரண்டு நீளப் பட்டை வைத்த ரெயில் வகை ஹம்பக்கர், 1,900 ரூபாய். தேர்ந்தெடுக்க இரண்டு காரணங்கள். இரைச்சலைத் தானே அடக்கும். தந்திக்குத் தந்தி உயரம் மாறும் தனித்தனிக் காந்தக் குமிழ்கள் இல்லாததால் இடக்கை வலக்கை பேதமும் இல்லை. இந்த முறை வாங்குவதற்கு முன் பிக்கப்பின் நீள அகலம், திருகாணி இடைவெளி, குழிவின் ஆழம் மூன்றையும் அப்பா அளந்து கையில் எழுதிக் கொடுத்திருந்தார்.

பிப்ரவரியில் கல்லூரி ஆண்டு விழாவில் நான்கு பாட்டு வாசித்தான். நான் பின்வரிசையில் இருந்தேன். மூன்றாம் பாட்டுக்கும் நான்காம் பாட்டுக்கும் நடுவில் டியூனரைப் பார்த்தான், ஒரு கீயையும் தொடவில்லை.

## செலவுக் கணக்கு

கிட்டார் 9,800. இரண்டு செட் தந்தி 900. எலும்பு நட் 250. பாட் முதலியவை 180. தாமிர டேப் 450. ஸ்பிரிங் 80. பிக்கப் 1,900. ஃபிரெட், நட் வேலைக்கு நான் வாங்கிய கூலி 1,500. பொருந்தாத பிரிட்ஜ் 2,400. மொத்தம் 17,460 ரூபாய். பிரிட்ஜைக் கழித்தால் 15,060. வேண்டாம் என்று விட்ட மூன்றாவது மாடலின் விலை 14,500 என்பதை அப்பா ஒருமுறை நினைவுபடுத்தினார். அதற்கும் நட்டும் ஃபிரெட்டும் பார்க்க வேண்டி வந்திருக்கும், ஆகவே அது மலிவாக முடிந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். பிரிட்ஜ் தொடர்பான அலைச்சல் நிச்சயம் இருந்திருக்காது.

## மறுபடி செய்வதென்றால்

இடக்கைக்காரர் யாராவது இனி கேட்டால், விலையைச் சொல்வதற்கு முன் கீ, பிரிட்ஜ், பிக்கப் மூன்றையும் காட்டி, இவை திரும்பிய சாமானா திரும்பாத சாமானா என்று சொல்லிவிடுவேன். வடிவ ஆசைக்கு அதன் பிறகும் இடம் உண்டு, ஆனால் தெரிந்து ஆசைப்படலாம்.

வால்யூம் பாட்டை முதல் நாளே சோதித்திருக்க வேண்டும். குமிழைப் பாதிக்குத் திருகிக் காதால் கேட்க இரண்டு வினாடி போதும், நான் கேட்கவில்லை. வீட்டு எர்த்தை அதற்கும் முன்னால் பார்த்திருக்க வேண்டும். பிரிட்ஜ் விஷயத்தில் பாதிப் பணத்தை நான் திருப்பிக் கொடுத்தேன். அப்பா வாங்க மறுத்து, கடைசியில் பையனின் இரண்டு மாத வகுப்புக் கட்டணமாகக் கழித்துக்கொண்டோம்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ‘சி’ வகை பாட் எங்காவது கிடைத்தால் வாங்கி வைக்கும்படி வெளியூர் போகிற நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன். பையனோ இப்போதைய ‘பி’ பாட்டில் சுண்டு விரல் கணக்கு பழகிவிட்டது, மாற்ற வேண்டாம் என்கிறான். வலக்கை பிரிட்ஜ் உறை கிழிந்தபடி என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது, 56 மி.மீ. அளவுள்ள வலக்கைக் கிட்டார் ஒன்றுக்காக.